அக்காவுக்குக் கனநீர் எடுக்கப் போனேன்

தண்ணீர் எடுத்து வருவதற்காக விமானம் ஏறியவன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். போன மாதம் ஒரு வாரம் உங்கள் பள்ளிப் பேருந்தை எனக்குப் பதில் வேறோர் அங்கிள் ஓட்டினாரே, அப்போது நான் இந்தியாவில் இருந்தேன். கோயில் பார்க்கப் போகவில்லை. பட்டுச்சேலை வாங்கப் போகவில்லை. ஐந்து லிட்டர் தண்ணீருக்காகப் போனேன்.

என் பிள்ளைகள் புனிதாவும் சரவணனும் பாதிக் கதையைப் பேருந்திலேயே உளறிவிட்டார்கள் என்று தெரியும். மீதியை நானே எழுதிவிடுகிறேன். நான் ரப்பர் தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன். பிழை இருந்தால் ஆசிரியரிடம் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள், என்னிடம் சொல்ல வேண்டாம்.

என் அக்கா சரோஜா செங்கல்பட்டில் இருக்கிறாள். எனக்குப் பத்து வயதாக இருந்தபோது அப்பாவுக்கு இங்கே சுங்கைப்பட்டாணியில் வேலை அனுமதி கிடைக்கவில்லை. அவர் அக்காவைக் கூட்டிக்கொண்டு இந்தியாவுக்குத் திரும்பினார், நான் சித்தப்பாவோடு இங்கேயே தங்கிவிட்டேன். அக்காவுக்கு அங்கேயே கல்யாணம் ஆயிற்று. இப்போது அவளுக்கு மார்பில் ஒரு கட்டி. புற்றுநோய். மூன்று வாரத்துக்கு ஒரு முறை நரம்பில் மருந்து ஏற்ற வேண்டும், ஆறு தடவை ஏற்றிக் கட்டியைச் சுருக்கிவிட்டு அப்புறம் அறுவை சிகிச்சை என்று சொல்லியிருந்தார்கள். இரண்டு தடவை முடிந்திருந்தது.

அப்போதுதான் நான் ஒரு காரியம் செய்தேன். பத்திரிகையின் மூலையில் விரல் நீளத்துக்கு ஒரு செய்தி பார்த்தேன். கனநீர் என்று ஒரு தண்ணீர் இருக்கிறதாம். சாதாரணத் தண்ணீரை விடக் கொஞ்சம் கனமானதாம். புற்றுநோய் மருந்தோடு சேர்த்து அதை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது மருந்து கூடுதலாக வேலை செய்ததாம். இந்தத் தண்ணீர் அணு ஆலைகளில் இருக்கும் என்றும் போட்டிருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அக்கா வீட்டிலிருந்து ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்தில், கடலோரத்தில், ஓர் அணு ஆலை இருக்கிறது! உடனே தொலைபேசியில் அவளைக் கூப்பிட்டேன். நல்ல செய்தி சொல்லும் அவசரத்தில் எலியை விட்டுவிட்டேன். ‘மருந்தோடு சேர்த்து’ என்பதையும் விட்டுவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து அத்தான் கூப்பிட்டார். அத்தான் செங்கல்பட்டு கோர்ட்டில் தட்டச்சர். விரல் பேசும் அளவுக்கு வாய் பேசாது. அன்றைக்குப் பேசினார். “உங்க அக்கா இனிமே ஊசிக்கு வர மாட்டாளாம். தண்ணி வந்தா போதும்னு உக்காந்துகினு கீறா. வர்ற வெள்ளிக்கிழமை மூணாவது ஊசி. ஏத்தி வுட்டவன் நீதானே, நீயே வந்து எறக்கு.”

அதனால்தான் போனேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் செங்கல்பட்டு. வெயில் நம் ஊர் வெயில் மாதிரி வேர்க்க வைத்ததோடு விடுவதில்லை, ஆளை வறுத்து எடுக்கிறது. ஓட்டுநராக இருபது வருடம் வேலை செய்கிறேன், மொத்தமாக நான் அடித்த ஹாரன் நூறு இருக்குமா தெரியாது. அங்கே ஆட்டோக்காரர் ரயிலடியிலிருந்து அக்கா வீடு போய்ச் சேர்வதற்குள் நூற்றைம்பது அடித்தார். யாரும் இல்லாத சந்திலும் அடித்தார். ஏன் என்று கேட்டேன். “சும்மா இருந்தா தூக்கம் வரும் நைனா” என்றார்.

அக்கா வாசலில் நின்றிருந்தாள். மருந்து ஏற்றினால் முடி கொட்டும் என்று தெரியும், ஆனாலும் பார்த்ததும் நான் குனிந்து செருப்பைக் கழற்ற ஆரம்பித்தேன். அவள் என் கையைத்தான் பார்த்தாள். “இன்னாடா தம்பி, வெறுங்கையோட வந்துகினு கீற? தண்ணி எங்க?” என்றாள்.

உள்ளே பார்த்தால் ஐந்து லிட்டர் பிளாஸ்டிக் கேன் ஒன்று தயாராக இருந்தது. நல்லெண்ணெய் வாங்கிய கேன். சீயக்காய் போட்டுக் கழுவி, வாயில் மஞ்சள் தடவி வைத்திருந்தாள். காசித் தீர்த்தம் பிடிக்கப் போகிறவர்கள் செம்புக்குச் செய்வார்களே, அந்த மரியாதை.

சாப்பாடு மீன் குழம்பு. மருந்து அவளுடைய நாக்கைக் கெடுத்துவிட்டது, எதைத் தின்றாலும் இரும்பு மாதிரி இருக்கிறதாம். அதனால் உப்பு தெரியாமல் மூன்று முறை போட்டிருந்தாள். நான் கடலையே குடிப்பது போலக் குடித்து, அருமை என்று சொல்லி, இரண்டாம் முறையும் வாங்கினேன். அத்தான் என்னைக் கும்பிடாத குறையாகப் பார்த்தார். அவருக்கு இது பத்தாவது நாளாம்.

சாப்பிட்டதும் உண்மையைச் சொன்னேன். அக்கா, அந்தத் தண்ணீர் தனியாக மருந்து இல்லை, ஊசிக்குத் துணை, அதுவும் எலிக்குத்தான் கொடுத்தார்கள் என்று.

“எலிக்கே ஆவுதுன்னா எனக்கு ஆவாதா? நான் இன்னா எலிக்கு எளச்சவளா?” என்றாள்.

ஒரு மணி நேரம் பேரம் பேசி ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். தண்ணீர் வந்தால் வெள்ளிக்கிழமை ஊசிக்கு வருவாள். வராவிட்டால் நானும் அத்தானும் போய் ஆளுக்குப் பாதி ஊசி போட்டுக்கொள்ள வேண்டும்.

புதன்கிழமை காலை கேனும் கையுமாகப் பேருந்து ஏறினேன். அந்த ஊர் நடத்துநர்களிடம் ஒரு விசில் இருக்கிறது. ஒரு விசில் என்றால் நில், இரண்டு விசில் என்றால் போ. எனக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. நம் பேருந்துக்கும் ஒன்று வாங்கலாமா என்று யோசித்தேன். சரவணன் கையில் போய்விடும் என்பதால் வாங்கவில்லை.

திருக்கழுக்குன்றம் போவதற்குள் எஞ்சின் கொதித்து ஆவி விட்டது. எல்லாரும் இறங்கினோம். நம் ஊராக இருந்தால் மெக்கானிக்கைக் கூப்பிட்டுவிட்டுக் காத்திருப்போம். அங்கே நாற்பது பயணிகளும் மெக்கானிக். ஒரு பூக்காரம்மா கூட ஓட்டுநருக்கு யோசனை சொன்னார். தண்ணீர் ஊற்றப் பாத்திரம் இல்லை. எல்லாருடைய கண்ணும் என் கேன் மேல் விழுந்தது. வயல் ஓரக் குட்டையில் இரண்டு தடவை நானே மொண்டு வந்து ஊற்றினேன். ஓட்டுநர் எதற்காக இவ்வளவு பெரிய கேன் என்று கேட்டார். சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அந்தத் தண்ணீர் கிடைத்தால் வண்டிக்கும் ஒரு சொம்பு வாங்கி வரச் சொன்னார். கனமாக இருந்தால் சீக்கிரம் கொதிக்காதாம்.

இப்படியாக, வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டோடும், அடியில் சேற்றுத் தண்ணீர் கலங்கும் கேனோடும், அணு ஆலை வாசலில் போய் நின்று, கனநீர் ஐந்து லிட்டர் வேண்டும் என்று கேட்டேன்.

பிள்ளைகளே, இப்படிச் செய்யாதீர்கள்.

காவலர்கள் என்னை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. உட்கார வைத்தார்கள். பாஸ்போர்ட்டை ஒருவர் பார்த்தார், இன்னொருவரைக் கூப்பிட்டுக் காட்டினார், அவர் மூன்றாமவரைக் கூப்பிட்டார். கேனுக்குள் இருப்பது என்ன என்று நாலு பேர் மோந்து பார்த்தார்கள். குட்டைத் தண்ணீர் என்றேன். எந்த நாட்டுக் குட்டை என்று கேட்டார்கள். அக்கா, ஊசி, எலி என்று நான் எல்லாவற்றையும் அழாத குறையாகச் சொல்லி முடித்ததும் பெரியவர் ஒருவர் எனக்கு டீ வாங்கிக் கொடுத்து, கேனைத் திருப்பித் தந்து, போய் வாருங்கள் என்றார். அந்த டீயில் இருந்த சர்க்கரைக்கு நம் மலாய்க்கடை தே தாரிக் டீ மூன்று டம்ளர் போடலாம்.

அப்போது வேலை முடிந்து வெளியே வந்த ஒருவர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றார். ஆலையில் டெக்னீஷியன். பெயர் ஞானசேகரன். திருநெல்வேலிக்காரர். அந்த ஆலை ஊரில் இருப்பவர்கள் எல்லாருமே இப்படி எங்கெங்கிருந்தோ வேலைக்கு வந்தவர்கள்தான். “வாங்க அண்ணாச்சி, நான் மகாபலிபுரம்தான் போறேன். அங்க இருந்து உங்களுக்கு பஸ் இருக்கு” என்று ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டார்.

வழியெல்லாம் சவுக்குத் தோப்பு. இடைவெளி விட்டு இடைவெளி விட்டுக் கடல் எட்டிப் பார்த்தது. கவலையை மறந்து நான் பின்னால் உட்கார்ந்து பாடினேன். கேன் என் மடியில் தாளம் போட்டது.

மகாபலிபுரத்தில் ஒரு மெஸ்ஸில் வஞ்சிரம் வறுவலோடு சாப்பாடு. இரண்டு நாளில் முதல் முறையாக அளவான உப்பு. கண்ணில் நீர் வந்தது. ஞானசேகரன் மட்டும் சோற்றை விடத் தண்ணீரை அதிகமாக உள்ளே தள்ளினார். அப்படியே கனநீரையும் விளக்கினார். தண்ணீருக்குள் ஹைட்ரஜன் என்று ஒன்று இருக்கிறது. அதற்கு அண்ணன் மாதிரி, அதே குடும்பத்தில் கொஞ்சம் கனமாக ஒன்று உண்டு. தம்பிக்குப் பதில் அண்ணன் இருந்தால் அது கனநீர். பார்க்கத் தண்ணீர்தான். ஆனால் அதை ஐஸ் கட்டியாக்கிச் சாதாரணத் தண்ணீரில் போட்டால் மிதக்காது, முங்கிவிடும். ஆலையில் அதற்கு அவ்வளவு மதிப்பு. தரையில் நாலு சொட்டு சிந்தினால் துணியால் ஒற்றி, அந்தத் துணியிலிருந்தும் மீட்டு எடுப்பார்களாம்.

எலிக்கு எப்படி வேலை செய்தது என்று கேட்டேன். புற்று என்பது உயிரணுக்கள் கட்டுக்கடங்காமல் ஒன்று இரண்டாகப் பிரிந்துகொண்டே போவது. கனநீர் உள்ளே போனால் அந்தப் பிரிதல் தடுமாறும், அந்த நேரத்தில் மருந்து நன்றாக அடிக்கும் என்று நினைக்கிறார்கள் என்றார்.

“ஆனா அண்ணாச்சி, ஒரு வாய் ரெண்டு வாய் குடிச்சா ஒண்ணும் ஆகாது. நாள் கணக்கா குடிச்சு உடம்புத் தண்ணியில ஒரு பங்கு இதுவா மாறணும். அது ரொம்ப ஏறிச்சுன்னா உசுருக்கே ஆபத்து. ஆளுக்குக் குடுக்கலாமான்னு இன்னும் தெரியாது. அதோட, ஊசிக்குத்தான் இது ஒத்தாசை. சோறே இல்லாம ஊறுகாய மட்டும் தின்னுட்டு எந்திரிப்பீயளா?”

எனக்கு எல்லாம் புரிந்தது. புரிந்து என்ன செய்வது? அக்காவின் முகம்தான் கண்முன் நின்றது. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் ஒரு நாள்தான்.

அவருடைய மனைவி ஒரு கல் பிள்ளையார் சொல்லி வைத்திருந்தாராம். அதை வாங்கச் சிற்பப் பட்டறைக்குள் போனார். நான் ஸ்கூட்டருக்குக் காவல். உள்ளே உளிச்சத்தம் டிக் டிக் டிக். அவர் சாவி எடுக்கும்போது வண்டியின் முன்பெட்டி மூடியைச் சரியாகச் சாத்தவில்லை. உள்ளே ஒரு சிறிய பிளாஸ்டிக் பாட்டில். மேலே ஒட்டியிருந்த காகிதத்தில் ஆலையின் முத்திரை, ஓர் எண், தேதி. உள்ளே முக்கால் பாட்டில் தண்ணீர். லேசாக, மிக லேசாக, மஞ்சள். கனமான தண்ணீர் என்றால் கொஞ்சம் நிறம் இருக்கத்தானே செய்யும் என்று நினைத்தேன்.

அக்கா குடிக்க வேண்டாம். கையில் இருந்தால் போதும், ஊசிக்கு வந்துவிடுவாள். அவ்வளவுதான் நினைத்தேன். பாட்டில் என் சட்டைக்குள் போய்விட்டது. டிக் டிக் சத்தம் நின்றது. என் மூச்சும் நின்றது. ஞானசேகரன் பிள்ளையாரோடு வெளியே வந்தார். பேருந்து நிலையத்தில் விடும்போது அக்காவைப் பார்க்க வருவதாகச் சொல்லி முகவரி கேட்டார். கொடுத்தேன். என்ன திருடன் நான், பாருங்கள்.

திருடியது தப்பு. பாட்டிலில் எது இருந்தாலும் தப்பு. இதை நான் அடிக்கோடு போட்டு எழுதியிருக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அக்கா பாட்டிலைப் பார்த்துவிட்டு, இவ்ளோதானா என்றாள். ஒரு சொட்டுக்குக் கூடக் கணக்கு வைத்திருக்கிறார்கள் என்றேன். அவள் அதைக் கழுவித் துடைத்து, குங்குமம் வைத்து, சாமி அலமாரியில் முருகனுக்கும் லட்சுமிக்கும் நடுவில் வைத்தாள். மேலே ஒரு கண்ணி மல்லிகை. வெள்ளிக்கிழமை விடிந்ததும் வெறும் வயிற்றில் ஒரு மூடி குடித்துவிட்டு ஊசிக்குக் கிளம்புவதாக ஏற்பாடு. ஒரு மூடிக்கு ஒன்றும் ஆகாது என்று ஞானசேகரன் சொன்னதை நினைத்து நான் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

வியாழக்கிழமை காலை அத்தான் குளித்துவிட்டு அந்த அலமாரிக்குக் கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது.

ஞானசேகரன் உட்கார்ந்தார். அக்கா கொடுத்த காப்பியைக் குடித்தார். அதிலும் உப்பு இருந்திருக்கும் என்று நினைக்கிறேன், முகம் ஒரு மாதிரி போயிற்று. பிறகு என்னைப் பார்த்து மெதுவாக ஆரம்பித்தார். “தப்பா நெனைக்காதீய அண்ணாச்சி. நேத்து வண்டிப் பெட்டியில ஒரு பாட்டில் இருந்துச்சு…”

என்னால் தாங்க முடியவில்லை. எழுந்து நின்று, நான்தான் எடுத்தேன், அக்காவுக்காக எடுத்தேன், கனநீரைத் திருடியதற்கு என்ன தண்டனையோ வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

“எந்தக் கனநீர்?” என்றார் அவர்.

அலமாரியைக் காட்டினேன். அவர் பார்த்தார். குங்குமத்தைப் பார்த்தார். மல்லிகையைப் பார்த்தார். கற்பூரம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அவர் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார்.

“அண்ணாச்சி, அது என் மூத்திரம்.”

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே விளக்கினார். ஆலையில் வேலை செய்கிறவர்கள் எல்லாரும் வாராவாரம் இப்படி ஒரு பாட்டில் கொடுக்க வேண்டும், உள்ளே ஏதாவது போயிருக்கிறதா என்று சோதிப்பார்கள், நேற்றுக் கொடுக்க மறந்துவிட்டார், நிறையத் தண்ணீர் குடிக்கிற வழக்கம், அதனால்தான் நிறம் இல்லை.

முதலில் அத்தானிடமிருந்து ஒரு சத்தம் வந்தது, குக்கர் விசில் மாதிரி. முப்பது வருடம் அடக்கி வைத்த சிரிப்பு. அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், உட்கார்ந்து சிரித்தாள், தலைத்துணி நழுவி விழுந்ததைக் கூட எடுக்காமல் சிரித்தாள். “அடப்பாவி, வெறும் வயித்துல குடிக்கலாம்னு இருந்தேனே! பூ வேற வெச்சேனே!” ஞானசேகரனும் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். அவருடைய மூத்திரத்துக்கு ஒருவர் கற்பூரம் காட்டியது இதுதான் முதல் தடவையாம்.

பிறகு அத்தான் அத்தனை சாமியையும் இறக்கிக் குளிப்பாட்டினார். சின்ன கும்பாபிஷேகம் போல நடந்தது. சிரிப்பு ஓய்ந்ததும்தான் எனக்கு நினைவு வந்தது. தண்ணீர் இல்லை. ஒப்பந்தம் போயிற்று. நாளைக்கு ஊசி.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஞானசேகரனிடம் கேட்டாள். “வாரா வாரம் குடுக்குறீங்களே, பாத்துட்டு உங்களாண்ட சொல்வாங்களா, எவ்ளோ கீதுன்னு?”

“சொல்லுவாவக்கா. சொல்லலேன்னா கேட்டு வாங்கிருவேன். தெரியாம எப்பிடித் தூங்க?”

அக்கா என்னிடம்தான் சொன்னாள், ஆனால் முகத்தை ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டு. “ரெண்டு தபா ஏத்தினாங்க. முடி போச்சு. ருசி போச்சு. கட்டி குறைஞ்சுதா இல்லியான்னு ஒருத்தரும் சொல்லல. தடவிப் பாத்துட்டு எழுதிக்கினு போயிடுறாங்க. சும்மா சாவறதுக்கு எதுக்குடா ஊசின்னு இருந்தேன். அப்பதான் நீ போன் பண்ண.”

டாக்டரிடம் கேட்டிருக்கலாமே என்றார் அத்தான்.

“கேட்டா கோவிச்சுக்க மாட்டாரா?”

“கேளுங்கக்கா. உங்க உடம்புல்லா” என்றார் ஞானசேகரன். பாட்டிலை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு போனார். குங்குமத்தை அழிக்கவில்லை. ஆலையில் என்ன சொன்னாரோ தெரியாது.

வெள்ளிக்கிழமை விடிந்தது. அக்கா வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. நானும் அத்தானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். அவள் குளித்து, நல்ல புடவை கட்டி, செருப்பை மாட்டினாள். “கேக்கப் போறேன். குறையலன்னு சொன்னா அப்டியே திரும்பி வந்துடுவேன்” என்றாள்.

பட்டணத்துக்கு மின்சார ரயில். சிங்கப்பெருமாள் கோயிலில் கொய்யாப்பழக்காரி ஏறினாள். மறைமலைநகரில் முறுக்கு, தாம்பரத்தில் பட்டாணி. நம் ஊர் ரயிலில் சாப்பிட்டால் அபராதம், அங்கே சாப்பிடாமல் இருந்தால்தான் அபராதம் போலிருக்கிறது. அக்கா எதையும் வாங்கவில்லை. கைக்குட்டையை முறுக்கிக்கொண்டே வந்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சின்ன வயசுக்காரர். தடவிப் பார்த்தார், ஸ்கேல் வைத்தார், எழுதினார், அடுத்த சீட்டை எடுத்தார். அக்கா எழுந்திருக்கவில்லை.

“குறைஞ்சுகிதா சார்?”

அவர் நிமிர்ந்து பார்த்தார். “நல்லாக் குறைஞ்சிருக்கும்மா. போன தடவையே குறைஞ்சுதே. தெரியாதா உங்களுக்கு?”

“நீங்க சொல்லலியே.”

“நீங்க கேக்கலியே.”

டாக்டர் அவளுடைய சீட்டைத் திருப்பி, தான் வரைந்து வைத்திருந்த வட்டங்களைக் காட்டினார். முதலில் எலுமிச்சம்பழம். இப்போது நெல்லிக்காய்.

“பெரிய நெல்லியா, அரைநெல்லியா?” என்று கேட்டாள் அக்கா.

அவர் சிரித்துவிட்டார். பெரிய நெல்லிதான், அரைநெல்லி ஆக்கத்தான் மிச்ச ஊசி என்றார். நான் கனநீரைப் பற்றியும் கேட்டு வைத்தேன். அவரும் படித்திருக்கிறாராம். ஒரு நாள் வந்தாலும் வரலாம், அதுவரை இந்த மருந்தைக் கொடுத்துக்கொண்டு, சாதாரணத் தண்ணீரை நிறையக் குடிக்கச் சொல்லுங்கள் என்றார்.

மூன்றாவது ஊசி ஏறியது. வரிசையாகப் பத்து நாற்காலி, பத்துப் பெண்கள், தலைக்கு மேல் பத்து மருந்துப் பைகள். போன இரண்டு தடவையும் அக்கா கண்ணை எடுக்காமல் சொட்டு விழுவதையே பார்த்துக்கொண்டிருப்பாள் என்று அத்தான் சொன்னார். இந்தத் தடவை பக்கத்து நாற்காலி அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தாள். உனக்கு எவ்வளவு குறைந்தது என்று கேட்டாள். அந்த அம்மா தெரியாது என்றார். அதற்கடுத்தவரும் தெரியாது என்றார். அக்கா ஊசி ஏறாத கையால் நாற்காலியைத் தட்டி, வராந்தாவில் போய்க்கொண்டிருந்த டாக்டரைக் கூப்பிட்டாள். “சார், இங்க வாங்க. இந்த அம்மாவுக்கு இன்னா சைஸ்னு சொல்லிட்டுப் போங்க.”

டாக்டர் திரும்பி வந்தார். நர்ஸ் சீட்டுகளைக் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் முதல் நாற்காலியிலிருந்து ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு வந்தார். ஒருவருக்குக் கோலிக்குண்டு. ஒருவருக்குப் புளியங்கொட்டை, அந்த அம்மா அழுதுவிட்டார். ஒருவருக்கு இன்னும் குறையவில்லை, மருந்தை மாற்ற வேண்டும் என்றார், அவரும் சரி, மாற்றுங்கள் என்றார். அக்கா ஒவ்வொருவருக்கும் பக்கத்து நாற்காலிக்காரியிடம் திரும்பி விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் தலைக்கு மேல் மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்க்கவே இல்லை.